288 எண்ணெய் டின்கள், ஒரு 6 மி.மீ. துளை: பெங்களூரு முற்றத்தில் தொங்கிய நிறுவல் பற்றிய நிகழ்வு ஆய்வு

படைப்பு இதுதான். 15 கிலோ சமையல் எண்ணெய் வரும் சதுர டின்கள் 288. மேல்மூடியை வெட்டி எடுத்து, வாய் வானத்தைப் பார்க்க, 12 வயர் ரோப்களில் வரிசைக்கு 24 வீதம் தொங்கவிட்டிருந்தார்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்தால் வெறும் தகர அடிப்பாகம் மட்டும் தெரியும். மாடி வராந்தாவுக்கு ஏறினால் ஒவ்வொரு டின்னுக்குள்ளும் தார்ப்பாய் நீலம். கீழே இருப்பவருக்கு ஒரு காட்சி, மேலே இருப்பவருக்கு வேறொரு காட்சி என்பதுதான் கலைஞரின் யோசனை. ஆகவே டின்னின் வாய் மேலே பார்த்தே தீர வேண்டும். பின்னால் வந்த சிக்கல்களில் பெரியதற்கு வேர் இந்த ஒரு தேவைதான்.

இடம் பெங்களூரு, அல்சூர் பக்கம் ஒரு கலைக்கூடத்தின் திறந்த முற்றம். ஒரு புறம் கான்கிரீட் கட்டடம், எதிர்ப்புறம் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய செங்கல் சுவர், இடைவெளி 9.6 மீட்டர். ஒரு மூலையில் பெரிய குல்மொஹர் மரம், நம் ஊரில் செம்மயிற்கொன்றை என்போமே, அது. கடைசி இரண்டு வரிசை டின்களும் அதன் கிளைகளுக்கு அடியில் வந்தன. ஜனவரியில் திறந்து பிப்ரவரிக் கடைசியில் மூடுவதாகத் திட்டம். பார்வையாளர் வரவு நன்றாக இருந்ததால் மே வரை நீட்டித்தார்கள். ஜனவரி பெங்களூருக்கு மழை கிடையாது. ஏப்ரல் பாதிக்கு மேல் சாயங்கால இடிமழையும் சுழற்றியடிக்கும் காற்றும் உண்டு. கோடைமழைக்கு முன் இறக்கிவிடுவோம் என்று வரைந்த ஒன்றைக் கோடைமழைக்குள் நிற்க வைத்தார்கள். வரைபடத்தை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

தொழிற்சாலைப் பொருளைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவருவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பெங்களூரில் வாழும் நிறுவல் கலைஞர் ஷீலா கௌடா, சாலை போடுகிறவர்கள் வீசிவிட்டுப் போகும் தார் டிரம்களையும் அவற்றைத் தட்டி விரித்த தகடுகளையும் கொண்டு 2006-ல் ‘டார்க்ரூம்’ செய்தார். உள்ளே நுழைந்து நிமிர்ந்தால் கூரைத் தகட்டின் துளைகள் நட்சத்திரம்போல் ஒளிரும். 2009 வெனிஸ் பியனாலேயில் வைத்த ‘பிஹோல்ட்’, சுமார் 4,000 மீட்டர் தலைமுடிக் கயிறும் கார் பம்பர்களும் சேர்ந்தது. கிறிஸ்டோ 2018-ல் லண்டன் செர்பென்டைன் ஏரியில் மிதக்கவிட்ட மஸ்தபாவில் (தட்டை உச்சியும் சரிந்த பக்கங்களும் கொண்ட மேடை வடிவம்) 7,506 பீப்பாய்கள், எல்லாம் படுக்கை வாக்கில். கட்டுகிறவர் கண்ணோடு பார்த்தால் இவற்றில் ஒன்று பொது: எதுவும் திறந்த வாயோடு மழையை ஏந்தி நிற்கவில்லை. 288 திறந்த டின்களைத் தொங்கவிடுவது வேறு வகை வேலை. ஒரு டின்னில் அற்ப விஷயமாக இருப்பது 288 டின்னில் கட்டமைப்பையே ஆட்டும்.

டின்னைத் தயார் செய்தது

ஒரு டின் சுமார் 23.5 செ.மீ. சதுரம், 34.5 செ.மீ. உயரம், காலியாக ஒரு கிலோவை ஒட்டிய எடை. தகடு கால் மில்லிமீட்டரைத் தாண்டியது, அவ்வளவே. ஓட்டல், பேக்கரி, சிப்ஸ் கடைகளிலிருந்து ஜாலி மொஹல்லா என்ற பழைய சாமான் சந்தைக்கு வந்து சேருபவை. 288 வேண்டுமென்றால் 350 வாங்க வேண்டும். தையல் ஓரத்தில் துரு ஏறியது, மூலை நசுங்கியது, கம்பெனிக்குக் கம்பெனி உயரத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படுவது என்று கழிந்துகொண்டே போகும். வரிசையில் தொங்கும்போது 3 மி.மீ. ஏற்ற இறக்கம்கூட அடி விளிம்பில் பளிச்சென்று தெரியும். ஒருமுறை எண்ணெய் அடைத்த டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்க உணவுப் பாதுகாப்பு விதி தடை போடுகிறது. அதனால் சட்டப்படி இந்த டின்களுக்கு உலைக்குப் போகும் வழியும், இப்படி வேறு வேலைக்குப் போகும் வழியும்தான் மிச்சம்.

தின்னர், பெயின்ட், பூச்சிமருந்து வந்த டின் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி கட்டிங் வீலின் ஒரு பொறியில் வெடிக்கும். நல்லது என்று நம்பிக்கையுள்ள சமையல் எண்ணெய் டின்னைக்கூட வீலால் வெட்டாமல் தகரக் கத்தரியால் வெட்டுவதே வழி, விளிம்பும் கருகாது.

கழுவுவதில் அவசரம் கூடாது. உள்ளே எண்ணெய்ப் படலம் இருந்தால் எந்தப் பெயின்டும் நிற்காது. 200 லிட்டர் தண்ணீருக்கு 8 கிலோ காஸ்டிக் சோடா, சூடு சுமார் 60 டிகிரி, ஒரு டின்னுக்குப் பத்து நிமிடம், பிறகு இரண்டு தண்ணீர், பிறகு வெயில். வனஸ்பதி வந்த டின்னாக இருந்தால் சூடு இல்லாமல் அந்தக் கொழுப்பு இளகவே இளகாது. தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. நேரம் மிச்சம் என்று இரவு முழுக்க ஊறப்போட்ட ஒரு தொகுதி டின்களில் வெள்ளீயப் பூச்சு மங்கிப்போய், வாரத்துக்குள் பழுப்புப் புள்ளி விழுந்தது.

பிறகு 320 நம்பர் உப்புத்தாள், எட்ச் பிரைமர் (வழவழப்பான உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட், நீல எனாமல் இரண்டு கோட். வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமர் வழவழப்பான வெள்ளீயத்தில் பிடிக்காது, ஒரு தட்டுக்கு உரிந்து வரும். உட்சுவரும் அடியும் சேர்த்து ஒரு டின்னுக்கு 0.38 சதுர மீட்டர். 288-க்கு 109 சதுர மீட்டர். கோட்டுக்கு 12 லிட்டர் வீதம் எனாமல் மட்டும் 24 லிட்டர் போயிற்று. ஐந்து பக்கமும் மூடிய பெட்டிக்குள் ஸ்பிரே அடித்தால் காற்று சுழன்று பெயின்டைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும், மூலைகளில் பூச்சே விழாது. நாலு அங்குல ரோலரும் மூலைக்கு ஒரு பிரஷும் என்று மாறியபின்தான் வேலை ஓடியது. வெட்டிய வாய் விளிம்பு கத்தி; 6 மி.மீ. உள்ளே மடித்து, பிளையரால் நசுக்கிவிட வேண்டும்.

தொங்கவிட, பத்துக் கேஜ் ஜி.ஐ. கம்பியில் வாளிக் கைப்பிடிபோல் ஒரு வளையம். வெறும் துளையில் கம்பியை மாட்டினால் இந்த மெல்லிய தகடு சில நாள் ஆட்டத்திலேயே கிழியும். துளைக்கு இரு புறமும் வாஷர் வைத்து ரிவெட் அடித்து, அந்த ரிவெட்டின் நடுத்துளையில் கம்பியை மாட்டினார்கள். கலைஞர் கடைசியாகச் சேர்க்கச் சொன்னது மழைநீர் வடிய அடித்தகட்டின் நடுவில் 6 மி.மீ. துளை, டின்னுக்கு ஒன்று.

கயிறும் சட்டமும்

இவ்வகை வேலைகளில் எல்லாரும் முதலில் கேட்பது எடையைத்தான். கம்பி, விளக்கு எல்லாம் சேர்த்து டின் 1.1 கிலோ, ஒரு கயிற்றுக்கு 24 டின், கயிற்றின் எடையும் சேர்த்து 28 கிலோ. பன்னிரண்டு கயிறும் சேர்ந்தால் 336 கிலோ. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கயிறு எடையைத் தாங்குவது பக்கவாட்டில் இழுத்து. அந்த இழுவிசையைத் தீர்மானிப்பது தொய்வு, அதாவது கயிறு நடுவில் எவ்வளவு தாழ்கிறது என்பது: மொத்தச் சுமையை இடைவெளியால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 9 மீட்டர் இடைவெளியில் 28 கிலோவுக்கு 45 செ.மீ. தொய்வு விட்டால் இழுவிசை 70 கிலோ. 30 செ.மீ. என்றால் 105 கிலோ. 10 செ.மீ. என்றால் 315 கிலோ. “கோடு போட்டமாதிரி நேரா வேணும்” என்றுதான் கலைஞர் தரப்பு கேட்டது. அந்த நேர்கோட்டுக்கு மும்மடங்கு விலை. பேசி 30 செ.மீ.க்கு ஒத்துக்கொண்டார்கள்.

முப்பது செ.மீ. தொய்விலும் 12 கயிறு சேர்ந்து இரண்டு சுவர்களையும் 1,260 கிலோ விசையில் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். கான்கிரீட் கட்டடம் தாங்கும். சுண்ணாம்புக் காரைச் சுவரின் தலையில் ஆங்கர் போல்ட் அடித்து இழுத்தால் செங்கல்லோடு பெயர்ந்து வரும். அதனால் சுவரைத் தொடாமல், இழுவிசை தனக்குள்ளேயே அடங்கும் மூடிய சட்டம் ஒன்றைத் தேர்ந்தார்கள். இரு முனையிலும் 6 மீட்டர் நீள 100×100×4 சதுரக் குழாய், இரண்டுக்கும் நடுவே 9 மீட்டர் நீள 80×80×4 முட்டுக் குழாய்கள், கீழே முனைக்கு மூன்றாக ஆறு கால்கள், 4 மீட்டர் உயரம். முற்றத்துக் கற்பலகைக்கு அடியில் வெறும் மண் என்பதால் கால்களுக்கு ஆங்கர் இல்லை, கான்கிரீட் பாரக்கட்டிகள். காற்றுக்காகக் கான்கிரீட் கட்டடத்தின் தூண்களோடு இரண்டு இடத்தில் பக்கவாட்டுப் பிடிப்பு. பெங்களூருக்குக் கட்டட விதி தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர். அது சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ அழுத்தம். சுவர்கள் மறைக்கும் முற்றம் என்று இதில் தள்ளுபடி கேட்கும் ஆசை எல்லாருக்கும் வரும். கேட்காமல் இருப்பது மேல்.

முதல் வரைவில் முட்டு இரண்டே, இரு ஓரங்களில். அந்த 6 மீட்டர் முனைக்குழாய் கயிறுகளின் இழுப்பில் நடுவில் 7 செ.மீ.க்கு மேல் வளையும் என்று கணக்கு காட்டியது. வளைந்தால் என்ன என்று கேட்கலாம். 30 செ.மீ. தொய்வுள்ள கயிறு, நேர் தூரத்தைவிட 27 மி.மீ. மட்டுமே நீளம். இரு முனையும் சேர்ந்து இன்னொரு 27 மி.மீ. உள்ளே நகர்ந்தால் போதும், தொய்வு 42 செ.மீ. ஆகிவிடும். முனையில் ஒரு விரல் அகலம், நடுவில் அரைச் சாணைத் தாண்டும். ஓரக் கயிறுகள் மேலேயும் நடுக்கயிறுகள் கீழேயுமாக மொத்தப் பந்தலும் தொட்டிலாகிவிடும். நடுவில் மூன்றாவது முட்டு சேர்த்ததும் வளைவு 5 மி.மீ.க்குள் அடங்கியது. 86 கிலோ கூடுதல் இரும்பு. இந்த வேலையில் செலவழித்த ரூபாய்களில் இதைவிட உருப்படியானது வேறில்லை. நடு முட்டின் மேல் விழும் அமுக்கம் 788 கிலோ. அந்தக் குழாய் 9 மீட்டர் நீளத்தில் நெளிந்து மடங்கும் எல்லை சுமார் 2,900 கிலோ. இந்த இரண்டு எண்களும் மழைக்குப் பிறகு மறுபடி தேவைப்படும்.

மாட்டிய விதம்

சட்டத்தை ஸ்ரீராமபுரத்து வெல்டிங் பட்டறையில் 3 மீட்டர்த் துண்டுகளாகச் செய்து, போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். முற்றத்து வாசல் அதற்குமேல் நீளத்தை உள்ளே விடாது. சாரம் கட்டியது கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து ஆட்கள். வரைபடத்தில் 6 மி.மீ. என்று இருந்தால் இவர்கள் பேச்சில் அது இரண்டு நூல்.

வயர் ரோப் 6 மி.மீ., அறுபடும் எல்லை சுமார் 1,800 கிலோ, ஐந்தில் ஒரு பங்கு என்று பார்த்தால் 360 கிலோவரை நம்பலாம். முனைக்கு ஒரு திம்பிள் (மடிப்பில் கயிறு நசுங்காமல் காக்கும் உலோக வளையம்), மடித்த கயிற்றைச் சேர்த்துப் பிடிக்கும் மூன்று ரோப் கிளிப், கிளிப்புகளுக்கு நடுவே 4 செ.மீ. கிளிப்பின் தடித்த அடிக்கட்டை, சுமை தாங்கும் கயிற்றின் மேல் உட்கார வேண்டும். யு வளைவு, மடித்துவிட்ட வால் துண்டின் மேல் வர வேண்டும். திருப்பிப் போட்டால் யு வளைவு சுமைக் கயிற்றைக் கடித்து நசுக்கும், பிடிப்பும் குறையும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் இந்தத் தவறு எல்லாத் தளத்திலும் நடக்கிறது. இன்னொன்று, சுமை ஏறியதும் கயிறு கொஞ்சம் மெலியும், நட்டு தளரும். மறுநாள் மறுபடி முறுக்க வேண்டும்.

கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் திருகும் டர்ன்பக்கிள் எம்12 (12 மி.மீ. மரை), இரு புறமும் மூடிய கண் உள்ளது. பெங்களூரின் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டால் கொக்கி வைத்ததைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். இழுப்பில் கொக்கி வாய் பிளக்கும். இறுக்கி முடித்தபின் நடுச்சட்டத்தில் பைண்டிங் கம்பி சுற்றிக் கட்டாவிட்டால் காற்றின் அதிர்வில் தானே கழன்று சுழலும். ஒரு கயிற்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் பாதி இறுக்கி, டின்களை மாட்டி, பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு இரண்டு மூன்று சுற்று வர வேண்டும்.

தொய்ந்த கயிற்றின் முனைப்பகுதி ஏழெட்டு டிகிரி சரிவு. எஸ் கொக்கியில் தொங்கும் டின் அந்தச் சரிவில் நடுவை நோக்கி வழுக்கும். தடுப்பாக ஒவ்வொரு கொக்கிக்கும் பக்கத்தில் வெள்ளை நைலான் கேபிள் டை இறுக்கினார்கள். மலிவு, ஒரே நிமிட வேலை, வெயிலுக்கு ஆகாது.

திறந்த முதல் வாரமே வந்த புகார் சத்தம்தான். ஒரு டின் பக்கத்து டின்னில் மோதினால் டங் என்று ஒரு சத்தம், அவ்வளவே. 288 டின்னும் காற்றில் பேச ஆரம்பித்தால் ராத்திரி அக்கம்பக்கத்தில் யாரும் தூங்க முடியாது. வரிசைக்குள் டின்னுக்கும் டின்னுக்கும் 12.5 செ.மீ. இடைவெளிதான். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி, நறுக்கி, டின்னின் இரு பக்கமும் ஒட்டினார்கள். டங் போய் டொப் ஆயிற்று. அடிப்பாகங்களைக் கோத்து வரிசைக்கு ஒரு மெல்லிய கம்பி ஓட்டி, அதன் இரு முனையையும் சட்டத்தின் காலில் கட்டியபின்தான் மோதுவதே நின்றது. பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தக் கம்பி தெரிவதில்லை.

மழை

சாரம் பிரிக்கும்போது மேஸ்திரி கேட்டார்: “ஏன் சார், மழை வந்தா இதுல தண்ணி நிக்குமே, அந்தக் கனத்தக் கணக்குல எடுத்தீங்களா?” அடியில் துளை இருக்கிறது என்று பதில். அந்தப் பதில் கணக்குப்படி சரியானதும்கூட. டின்னின் வாய் 0.055 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினாலும் உள்ளே விழுவது 2.75 லிட்டர், அதாவது விநாடிக்கு ஒரு மில்லிலிட்டர்கூட இல்லை. 6 மி.மீ. துளை, பத்து செ.மீ. தண்ணீர் நின்றால், விநாடிக்கு 24 மில்லிலிட்டரை வெளியே விடும். தேவையைப்போல் முப்பது மடங்கு.

அடைத்துக்கொள்ளும் என்பது கணக்கில் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் குல்மொஹர் பூக்கும். இதழும் அரிசியளவு சிற்றிலைகளும் நாள் முழுக்க உதிரும். நீர் எங்கே சுழித்து இறங்குகிறதோ அங்கேதான் அவை போய்ச் சேரும். ஒரு ஈர இதழ் போதும், 6 மி.மீ. துளைக்கு அது அளவெடுத்த மூடி. மரத்துக்கு எட்ட இருந்த டின்களில் வேறு விதம். கைப்பிடி சற்று ஒருபக்கமாக மாட்டப்பட்டதால் டின் சாய்ந்திருந்தது, தண்ணீர் மூலையில் தங்கியது, நடுத்துளைக்கு வரவே இல்லை.

தொடர்ந்து சில சாயங்காலம் பெய்த மழைக்குப் பிறகு மரத்தடியில் இருந்த 11, 12-ஆம் கயிறுகள் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருப்பது வராந்தாவிலிருந்தே தெரிந்தது. முற்றத்தை மூடிவிட்டு அளந்தபோது 12-ஆவதன் தொய்வு 40 செ.மீ. டின்களில் நாலைந்து லிட்டர் வீதம் தண்ணீர். ஒரு கயிற்றில் 28 கிலோவுக்குப் பதில் ஏறக்குறைய 140 கிலோ. 40 செ.மீ. தொய்விலும் இழுவிசை 390 கிலோவைத் தாண்டும், நம்பத்தக்க எல்லைக்கு மேல். கயிறு அறுபடவில்லை. ஒரு முனையில் மூன்றில் இரண்டு கிளிப் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அங்கே கயிறு 2 செ.மீ. வழுக்கியிருந்தது. 2 செ.மீ. வழுக்கல் தொய்வை 30-லிருந்து 40 ஆக்கும் என்று கணக்கும் சொல்கிறது, அளவும் அப்படியே. தொய்வு கூடக்கூட இழுவிசை குறையும் என்பதால் வழுக்கல் அங்கேயே நின்றது. அது அதிர்ஷ்டம், வடிவமைப்பு அல்ல.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது நடக்காத ஒன்று. எல்லா டின்னும் அடைபட்டு, ஒரே ஒரு 50 மி.மீ. மழை விழுந்திருந்தால், கயிற்றுக்கு 94 கிலோ, இழுவிசை 350 கிலோ. கயிறுகள் தாங்கியிருக்கும். ஆனால் நடு முட்டின் அமுக்கம் 788-லிருந்து 2,640 கிலோவுக்கு ஏறியிருக்கும். மடங்கும் எல்லையோ 2,900. குழாயின் சொந்த எடையில் வரும் வளைவையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி என்று சொல்ல எதுவுமில்லை. கயிறு தொய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். முட்டு மடங்குவது முன்னறிவிப்பு இல்லாமல்.

தங்கிய தண்ணீரில் கொசுப்புழுவும் இருந்தது. கர்நாடகம் 2024-ல் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர இடம் கொடுத்தால் அபராதம் என்று விதி கொண்டுவந்தது. 288 டின் தண்ணீரைத் தலைக்குமேல் வைத்திருப்பதற்கு இந்த ஒரு காரணமே தடையாகப் போதும்.

மாற்றியது

டின்னைக் கவிழ்த்துவிடலாம் என்பது முதல் யோசனை. தண்ணீர்ப் பிரச்சினை தீரும், படைப்பும் தீர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் வெறும் தகரம். துளைகளைப் பத்தாக்கலாம் என்றார்கள். பத்துத் துளைக்குப் பத்து இதழ், குல்மொஹருக்கு அது ஒரு காலை வேலை.

முடிவில் செய்தது அடித்தகட்டில் 15 செ.மீ. சதுரத்தை வெட்டி எடுத்து, கீழிருந்து அரை அங்குல வெல்டு மெஷ் (கம்பி வலை) வைத்து நாலு ரிவெட் அடித்தது. சிற்றிலைகள் அரை அங்குலக் கண்ணில் விழுந்துவிடும். இதழோ முழு இலைக்காம்போ தங்கினாலும் தண்ணீர் நிற்காது. இதில் கவனிக்க வேண்டியது வெட்டிய விளிம்பு. அதைக் கீழ்ப்புறமாக மடிக்க வேண்டும். முதல் மாதிரியில் கை வாகுக்கு மேல்புறமாக மடித்தார்கள். அது வரப்புபோல் நின்று சுற்றிலும் விளிம்புப் பட்டையில் தண்ணீரைத் தேக்கியது. கீழே மடித்து, மீதமுள்ள 4 செ.மீ. பட்டையை நடுவை நோக்கி லேசாகத் தட்டிச் சரித்தபின் ஒரு குவளை ஊற்றிப் பார்த்ததில் சொட்டுகூட நிற்கவில்லை. 288 டின்னுக்கு 1,152 ரிவெட்.

கீழே நின்றவர் காட்சி இதனால் மாறியது. முன்பு வெறும் தகரம். இப்போது ஒவ்வொரு டின்னும் ஒரு நீலக் குழல், முனையில் கட்டம் போட்ட துண்டு வானம். கீழும் மேலும் வெவ்வேறு என்ற மூல யோசனை சற்று நீர்த்துப்போனது உண்மை. கலைஞர் ஏற்றுக்கொண்டார், முந்தையதைவிட இதுவே நன்றாக இருந்தது என்பது வந்து பார்த்தவர் பலரின் பேச்சு. எங்கள் மதிப்பீடும் அதுவே.

கூடவே 24 கயிற்று முனைகளிலும் 72 கிளிப்பையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். தவறாக இருந்தவற்றை மாற்றும்போது அதே இடத்தில் திருப்பிப் போடாமல், கயிற்றின் கடிபடாத பகுதிக்கு நகர்த்தினார்கள். கேபிள் டைகளில் பல வெயிலிலும் உரசலிலும் மொறமொறத்திருந்தன, விரலால் வளைத்தால் முறிந்தன. அவை விட்டால் டின்கள் நடுவில் குவியும். ஒரே தொய்வில், சுமை முழுதும் நடுப்புள்ளியில் நின்றால் இழுவிசை இரட்டிப்பு. ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு ரோப் கிளிப் இறுக்கினார்கள். கறுப்பு நிற டை வெயிலைக் கூடுதலாகத் தாங்கும்தான். தலைக்குமேல் சுமை தொங்கும் இடத்தில் அதையும் நம்ப வேண்டியதில்லை.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. டின்னுக்கு 1 வாட் எல்.இ.டி., மொத்தம் 288 வாட். 12 வோல்ட்டில் 20 மீட்டர் தள்ளி ஒரே எஸ்.எம்.பி.எஸ். (230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் மின்வழங்கி) என்று முதலில் திட்டம். 24 ஆம்பியர் அவ்வளவு தூரம் ஓடினால் 1.5 சதுர மி.மீ. வயரிலேயே ஏறக்குறைய எல்லா வோல்ட்டும் தீர்ந்துவிடும். 24 வோல்ட்டுக்கு மாற்றி, சட்டத்தின் பக்கத்திலேயே மூன்று எஸ்.எம்.பி.எஸ்., நாலு கயிற்றுக்கு ஒன்று, நீர் புகாப் பெட்டியில். 230 வோல்ட் பக்கத்துக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), சட்டத்துக்கு எர்த்.

செலவில் டின்னின் பங்கு பத்தில் ஒன்றுகூட வரவில்லை. சட்டம், கயிறு, கிளிப், சாரம், கூலி ஆகியவைதான் பணத்தைத் தின்றன. பழைய டின்தானே என்று மதிப்பீடு எழுதுகிறவர்கள் இதை முன்கூட்டியே கலைக்கூடத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இறக்கியது

கிறிஸ்டோவும் அவர் மனைவி ஜீன்-கிளாடும் 1991-ல் கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் நிறுத்திய ராட்சதக் குடைகளில் ஒன்றைக் காற்று பெயர்த்து அடித்ததில் ஒரு பெண் இறந்தார். காட்சியை மூடிவிட்டு இறக்கும்போது ஜப்பானில் கிரேன் மின்கம்பியைத் தொட்டு ஒரு தொழிலாளி இறந்தார். இரண்டாவதைப் பலர் நினைவில் வைப்பதில்லை. ஏற்றும்போது இருக்கும் கவனம் இறக்கும்போது இருக்காது. சாரமும் பாதி, ஆளும் பாதி.

இங்கே கடைப்பிடித்த வரிசை: முதலில் மின்சாரம் துண்டிப்பு. அடுத்து டர்ன்பக்கிளைத் தளர்த்துவது, 80 மி.மீ. விட்டால் தொய்வு 30-லிருந்து 60 செ.மீ. ஆகி, இழுவிசை பாதியாகும். எல்லாக் கயிற்றையும் இப்படிப் பாதியாக்கியபிறகே முதல் டின்னைத் தொட்டார்கள். கயிறுகளை இரு ஓரத்திலிருந்தும் ஜோடியாகக் காலி செய்தார்கள்; ஒரு பக்கம் மட்டும் காலியானால் சட்டம் முறுக்கும். முட்டுகளைக் கழற்றியது கடைசியில், கயிறு ஒன்றுகூட மிச்சமில்லாதபோது.

டின்கள் ஜாலி மொஹல்லாவுக்கே எடைக்குப் போயின. உள்ளே பெயின்ட் இருப்பதால் மறுபயன்பாட்டு விலை கிடைக்காது, பழைய தகர விலைதான். எல்.இ.டி., வயர் எல்லாவற்றையும் முன்பே கழற்றாவிட்டால் அதையும் குறைப்பார்கள். வழுக்கிய 12-ஆம் கயிற்றை வெட்டிப்போட்டார்கள். மற்றவை பெரிய வட்டமாகச் சுருட்டி, எண்ணெய் தடவி, கயிற்றெண்ணும் நீளமும் எழுதிய தகட்டோடு சட்டத்துண்டுகளின் மேல் வைக்கப்பட்டிருக்கின்றன. முனைக்குழாய்களில் கண் போல்ட்டுக்குப் போட்ட துளைகள் 50 செ.மீ. இடைவெளியில் இருப்பதால், அடுத்த படைப்புக்கும் கயிறுகளை அந்த இடைவெளியில் ஓட்டினால் புதிதாகத் துளை போட வேண்டியிருக்காது.